ஒரு மகள், இரண்டு விரல்

எட்டாம் மாதம் பதினான்காம் தேதி, வியாழக்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிடத்துக்கு அந்த வீட்டு வாசற்கதவின் பூட்டு மெஷினை நான் கழற்றியபோது அதில் பதிவாகியிருந்த ஆட்கள் மூன்று பேர். பகல் ஒரு மணிக்கு வேலையை முடித்து மூடியபோதும் மூன்று பேர்தான். விரல்கள் மட்டும் நான்கு. இதைத்தான் முதலில் எழுதச் சொன்னேன். பெயர், வயது, முகவரிதான் முதலில் வர வேண்டும், அதுதான் முறை என்று காவல் நிலைய எழுத்தர் சொன்னார். சரி, அடுத்து எழுதுங்கள், ஆனால் மேலே உள்ளதை அடிக்கக் கூடாது என்று சொன்னேன்.

சிறார் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் என் பெயர் உட்பட எல்லாப் பெயர்களும் தனித்தாளில் உள்ளன. வயது இருபத்து நான்கு. மின்னணுவியலில் டிப்ளமா முடித்தவன். கதவுப் பூட்டு, கேமரா, அழைப்பு மணி ஆகியவை பொருத்திப் பழுது பார்க்கும் கடையில் மூன்றாண்டுகளாக டெக்னீஷியன். கடையில் என்னை 'அவசரம்' என்று கூப்பிடுவார்கள். டயர் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் அக்கா, மாமாவுடன் குடியிருக்கிறேன். இதற்கு முன் என் மீது எந்தப் புகாரும் கிடையாது. அந்த வீட்டாரை அன்றைக்கு முன் எனக்குத் தெரியாது.

அன்று காலை கடை முதலாளி முகவரியைக் கொடுத்து, போய் வா, சின்ன வேலைதான் என்று அனுப்பினார். நான் போனபோது வீட்டுக்காரர், அதாவது இப்போது என் மீது புகார் கொடுத்திருப்பவர், கையில் கார் சாவியுடன் வாசலில் நின்றுகொண்டிருந்தார். கதவில் இருந்தது முகம் பார்த்துத் திறக்கும் மெஷின், நல்ல மாடல், வாங்கி ஒரு வருடம்கூட ஆகியிருக்காது. அவர், "முகத்தை எடுத்துடுங்க தம்பி. விரல் வச்சுக் கொடுங்க" என்றார்.

"முகம் நல்லாத்தானே சார் வேலை செய்யுது?"

"நல்லாத்தான் வேலை செய்யுது. அதுதான் பிரச்சனை."

எனக்கு விளங்கவில்லை. விளங்காத வாடிக்கையாளர்களிடம் நான் இரண்டாவது கேள்வி கேட்பதில்லை. அதன் பிறகு அவர் மூன்று விரல் பதிய வேண்டும், தன்னுடையது, மனைவியுடையது, மகளுடையது, வேறு யாருக்கும் வேண்டாம் என்று சொல்லித் தன் விரலைப் பதிந்தார். காரில் ஏறியவர் கண்ணாடியை இறக்கி இன்னொன்றும் சொன்னார். அதை அவர் சொன்னபடியே எழுதச் சொல்கிறேன்: "மகளை ஒரு தடவை கூப்பிடுங்க. வர்றவ விரலை எடுத்துக்குங்க. ரெண்டாவது தடவை கூப்பிட வேண்டாம்."

படிக்கிற பெண், தொந்தரவு செய்ய வேண்டாம் என்கிறார் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.

அதன் பிறகு வீட்டுக்காரம்மா தன் விரலைப் பதிந்தார். அவர் ஏதோ நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே தணிக்கை வேலை பார்ப்பவர். காதில் ஹெட்போன் மாட்டியிருந்தார், யாரிடமோ எண்கள் சொல்லிக்கொண்டே விரலை வைத்தார், என் முகத்தைப் பார்க்கவில்லை. வீட்டில் கணவன், மனைவி என இருவருக்கும் மெஷினில் நிர்வாகி அனுமதி உண்டு. அதாவது இவர்களில் ஒருவர் விரல் வைத்து ஒப்புக்கொண்டால்தான் புது விரல் எதையும் உள்ளே சேர்க்க முடியும். இது பின்னால் வரும் என்பதால் இங்கே சொல்கிறேன்.

அதன் பிறகு மகளைக் கூப்பிடச் சொன்னேன். அவர் ஹெட்போனை ஒரு காதிலிருந்து தள்ளிவிட்டு, "குட்டீ" என்று குரல் கொடுத்தார். "வரேம்மா" என்று மாடியிலிருந்து பதில் வந்தது. அதே "வரேம்மா" வீட்டின் பின்பக்கத்திலிருந்தும் வந்தது. எதிரொலி என்று நினைத்தேன். பிறகு யோசித்தால் அது தப்பு. காலி வீட்டில்தான் எதிரொலிக்கும். அந்தக் கூடத்தில் சோபா, கம்பளம், திரைச்சீலை, சுவர் நிறையப் புத்தகம். அந்தக் கூடத்தில் கை தட்டினால்கூடச் சத்தம் செத்துப்போகும்.

அந்தப் பெண் மாடிப்படியில் இறங்கி வந்தாள். வயது பதினாறு. ஒரு படி விட்டு ஒரு படிக்குத்தான் செருப்புச் சத்தம் கேட்டது. பார்த்தால் வீட்டுக்குள் போடும் செருப்பு வலது காலில் மட்டும் இருந்தது, இடது கால் வெறுங்கால். நான் அவளுடைய வலது ஆள்காட்டி விரலை மூன்று முறை வைக்கச் சொல்லிப் பதிந்தேன். பச்சை விளக்கு எரிந்தது. அதன் பிறகு என் பையிலிருந்த மார்க்கர் பேனாவால் அந்த நகத்தில் ஒரு புள்ளி வைத்தேன். இது நான் எப்போதும் செய்வது. வாடிக்கையாளர்கள் ஒரு விரலைப் பதிந்துவிட்டு அடுத்த முறை வேறு விரலை வைத்து, மெஷின் சரியில்லை என்று கடைக்கு போன் செய்வார்கள். எந்த விரல் என்று கேட்டால், இதே விரல்தான் என்று சத்தியம் செய்வார்கள். மனிதனுக்குத் தன் விரல்மீதே நிச்சயம் கிடையாது. அதனால் புள்ளி.

"என்னை எண்ணி வைக்கிறீங்களாண்ணா?" என்று கேட்டாள்.

"விரலை எண்ணுறேன். போ."

சிரித்துக்கொண்டே போனாள். நான் மெஷினை மூடினேன். மூடிய பிறகு ஒருமுறை சோதிக்க வேண்டும். வீட்டுக்காரர் இரண்டாவது முறை கூப்பிட வேண்டாம் என்று சொன்னது நினைவிருந்தது. ஆனால் சோதிக்காமல் விட்டுப்போகிற வேலை என் கணக்கில் பாதி வேலை. ஆகவே நானே, "பாப்பா, ஒரு நிமிஷம் வா" என்று கூப்பிட்டேன். பெண் பின்பக்கத்திலிருந்து வந்தாள். அதே பச்சைப் பாவாடை, அதே வெள்ளைச் சட்டை. விரலை வைத்தாள். சிவப்பு. துடைத்து வைக்கச் சொன்னேன். சிவப்பு. என் சட்டையிலேயே துடைத்துவிட்டு வைக்கச் சொன்னேன். சிவப்பு.

"உள்ள போய் இரும்மா, கூப்பிடுறேன்" என்று அனுப்பிவிட்டு, சென்சார் போய்விட்டது என்று முடிவு செய்து, மெஷினைத் திரும்பக் கழற்றி, பையிலிருந்த மாற்றுச் சென்சாரைப் போட்டேன். புதுச் சென்சார் போட்டால் எல்லா விரலையும் திரும்பப் பதிய வேண்டியதில்லை, ஒருமுறை சரிபார்த்தால் போதும். கூப்பிட்டேன். பெண் மாடியிலிருந்து வந்தாள், ஒரு கால் சத்தத்தோடு. விரலை வைத்தாள். பச்சை. இன்னொரு முறை. பச்சை. அப்பாடா என்று மூடி, நான்கு ஸ்க்ரூவையும் முடுக்கினேன். ஸ்க்ரூ முடுக்கும்போது சில நேரம் உள்ளே ஒயர் நசுங்கும். அதனால் கடைசியாக இன்னொரு முறை கூப்பிட்டேன். பெண் பின்பக்கத்திலிருந்து வந்தாள். விரலை வைத்தாள். சிவப்பு.

இரண்டு சென்சார் ஒரே மாதிரி கெடாது. எனக்கு எரிச்சல் தலைக்கு ஏறியது. "எந்த விரலை வைக்கிறே நீ? நகத்தைக் காட்டு" என்றேன். காட்டினாள். நகத்தில் புள்ளி இல்லை. மற்ற ஒன்பது விரலையும் காட்டச் சொன்னேன். எதிலும் இல்லை.

"கழுவினியா?"

"இல்லையே."

அந்த மை சோப்புக்குப் போகாது, ஸ்பிரிட்டுக்கும் லேசில் போகாது. நான் அவள் காலைப் பார்த்தேன். செருப்பு இடது காலில் இருந்தது. வலது கால் வெறுங்கால்.

அப்போது அந்தப் பெண் சிரித்தாள். இதை எப்படி எழுதுவது என்று எழுத்தர் கேட்டார். நடந்தபடியே சொல்கிறேன்: அவள் சிரிப்பை நிறுத்தி வாயை மூடிய பிறகும் அந்தச் சிரிப்பு மாடிப்படியில் கொஞ்ச நேரம் ஓடிக்கொண்டிருந்தது. அதன் பிறகு மாடிப்படியிலிருந்து இன்னொருத்தி இறங்கி வந்து இவள் பக்கத்தில் நின்றாள். அதே உடை. நெற்றியில் ஒரே பக்கமாகப் பிரிந்து விழும் முடி. புருவத்துக்கு மேலே ஒரே இடத்தில் ஒரே அளவில் தழும்பு. இருவர் காலையும் சேர்த்தால் ஒரு ஜோடிச் செருப்பு.

இரட்டையர்களை நான் பார்த்திருக்கிறேன். என் வகுப்பிலேயே இருந்தார்கள். இரட்டையர் என்றால் ஒருவன் கொஞ்சம் குண்டாக இருப்பான், ஒருவன் கொஞ்சம் முந்திக்கொண்டு பேசுவான். இவர்கள் அப்படி இல்லை. ஒருத்தி மூச்சு விடும்போது மற்றவளும் விட்டாள். நான் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தேன். எதற்கு என்று எழுத்தர் கேட்டார். கீழே வைத்தேன் என்று மட்டும் எழுதச் சொன்னேன்.

"அண்ணா பயந்துட்டாரு" என்றாள் புள்ளி இருந்தவள்.

"சும்மா இரு. அப்பாகிட்ட சொல்லிடப் போறாரு" என்றாள் மற்றவள்.

"சொன்னா என்ன? அப்பாவுக்குத் தெரியாததா?"

அதன் பிறகு அவர்கள் மாற்றி மாற்றிச் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நான்கு வருடத்துக்கு முன் மகள் மாடியிலிருந்து விழுந்து, கண் திறக்காமல் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பிழைக்க மாட்டாள் என்று டாக்டர்கள் கைவிட்டதும், பெற்றோர் நகல் எடுக்கும் கம்பெனியில் சொல்லி இன்னொரு மகளை எடுத்தார்கள். அதே வயதுக்கு வளர்த்து, அதே நினைவுகளை ஏற்றிக் கொடுத்தார்கள். நகல் பெண் வீட்டுக்கு வந்த அடுத்த மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தவள் கண் திறந்துவிட்டாள். மூல ஆள் உயிரோடிருந்தால் நகல் ஆளைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பது சட்டம். பெற்றோர் கொடுக்கவில்லை, வெளியே சொல்லவும் இல்லை. ஒரு பெயர், ஒரு பள்ளிச் சீருடை, வெளியே போக ஒரு ஜோடி ஷூ. ஒருநாள் ஒருத்தி பள்ளிக்குப் போவாள், மறுநாள் மற்றவள்.

"இதுல யாரு கம்பெனியில இருந்து வந்தது?" என்று கேட்டேன். நேராகத்தான் கேட்டேன். எனக்குச் சுற்றிவளைக்கத் தெரியாது.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"தெரியாதுண்ணா."

"தெரியாம எப்படி?"

"ரெண்டு பேரும் கட்டில்லதான் கண் முழிச்சோம். ரெண்டு தடவையும் அம்மா பக்கத்துல உக்காந்து அழுதுட்டு இருந்தாங்க. அதுக்கப்புறம் நடந்ததையெல்லாம் ஒருத்திக்கு ஒருத்தி சொல்லிச் சொல்லி, ரெண்டு பேருக்கும் நடந்ததாவே ஆயிடுச்சு."

"விழுந்தது ரெண்டு பேருக்கும் ஞாபகம் இருக்கு" என்றாள் மற்றவள். "வலிச்சது யாருக்குன்னுதான் தெரியல."

முதல் சில வாரம் அம்மா ஒருத்தி கையில் சிவப்புக் கயிறும் மற்றவள் கையில் நீலக் கயிறும் கட்டி வைத்தாராம். இவர்கள் விளையாட்டுக்கு மாற்றிக் கட்டிக்கொண்டார்கள். ஒரு நாள் மாற்றினார்கள், பிறகு தினமும் மாற்றினார்கள், ஒரு கட்டத்தில் எத்தனை முறை மாற்றினோம் என்பது இவர்களுக்கே தவறிவிட்டது. அதன் பிறகு அம்மா கயிற்றை அறுத்துக் குப்பையில் போட்டுவிட்டார். தழும்பை வைத்துக் கண்டுபிடிக்கலாமே என்றேன். "அது கம்பெனிக்காரங்க போட்டுக் கொடுத்ததா, விழுந்து வந்ததான்னு பார்த்துச் சொல்லுங்க பார்ப்போம்" என்று இருவரும் நெற்றியைக் காட்டினார்கள். நான் பார்க்கவில்லை.

அப்போதுதான் வீட்டுக்காரர் சொன்னது எனக்குப் புரிந்தது. இங்கே சட்டத்தை ஒரு வரி சொல்ல வேண்டும், எழுத்தருக்குத் தெரியும், ஆனாலும் எழுதட்டும். ஒருவர் எந்த வீட்டைச் சேர்ந்தவர் என்பதற்குக் கதவுப் பதிவுதான் சான்று. ஒரு கதவும் ஏற்றுக்கொள்ளாத நகல் ஆள் எவரையும் கம்பெனியின் வேன் எடுத்துக்கொண்டு போகலாம், யாரும் தடுக்க முடியாது. முகம் பார்க்கிற மெஷின் இருந்தவரை கதவு இருவருக்கும் திறந்தது. ஆனால் நகல் ஆளுக்கு முகம் ஒன்றாக வரும், ரத்தம் ஒன்றாக வரும், விரல் ரேகை ஒன்றாக வராது. அது வயிற்றுக்குள் இருக்கும்போது அசைவில், அழுத்தத்தில் விழுவது. இதை நான் முதலாமாண்டிலேயே படித்திருக்கிறேன். வீட்டுக்காரரும் எங்கோ கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறார். ஒரு தடவை கூப்பிடு, வருகிறவள் விரலை எடு. எந்த மகள் என்பது அவருக்குப் பொருட்டில்லை. ஒன்று போதும்.

நான் இதைச் சொன்னேன். பதமாகச் சொல்லியிருக்கலாம். "உங்கப்பா உங்கள்ல ஒருத்தியை வெளியே தள்ளப் போறாரு. என்னை வச்சுத்தான் அந்த வேலையைச் செய்யறாரு" என்று சொல்லிவிட்டேன். புள்ளி இல்லாதவள் தன் விரலைப் பார்த்தாள். புள்ளி இருந்தவள் தன் நகத்தைச் சட்டையில் தேய்க்க ஆரம்பித்தாள். போகாது என்றேன். தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

அதன் பிறகு பின்னால் சத்தம் கேட்டுத் திரும்பினேன். வீட்டுக்காரம்மா ஹெட்போனைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றிருந்தார் என்று தெரியாது. "மூணு விரல்தான்னு சொல்லியிருக்காரா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

"அப்ப என்னுதை எடுத்துடுங்க. அந்த இடத்துல இவ விரலை வைங்க."

"அம்மா, உங்களுதை எடுத்தா நீங்க வீட்டுக்குள்ள வர முடியாது."

"நான் வெளியவே போறதில்லப்பா."

இதை அவர் சொன்ன விதம், காய்கறி வாங்க வேண்டியதில்லை, வீட்டில் இருக்கிறது என்று சொல்வதுபோல் இருந்தது. நான் அவரிடம் அதெல்லாம் தேவையில்லை என்று சொன்னேன். மெஷினில் ஒரு பெயருக்கு ஒரு விரல்தான் என்று விதி இல்லை. கையில் அடிபட்டால் வேறு விரல் வைக்க வேண்டுமே என்று ஒரு பெயருக்குப் பத்து விரல் வரை இடம் கொடுத்திருக்கிறார்கள். ஒருவர் பெயரில் உள்ள பத்து விரலும் ஒரே ஆளின் கையில்தான் இருக்க வேண்டும் என்று மெஷின் பார்க்காது, பார்க்கவும் அதற்குத் தெரியாது. மகள் பெயரில் இரண்டாவது விரல் என்று சேர்த்துவிடலாம். ஆட்கள் மூன்று பேர்தான். வீட்டுக்காரர் சொன்ன கணக்கு மாறாது.

"செய்ங்க" என்று தன் விரலை வைத்து ஒப்புக்கொண்டார். நான் புள்ளி இல்லாதவளின் விரலை மூன்று முறை பதிந்தேன். பச்சை. இருவரையும் மாற்றி மாற்றி வைக்கச் சொன்னேன். பச்சை, பச்சை. "யார் கேட்டாலும் நான்தான் விரல் வச்சேன்னு சொல்லுங்க" என்று அம்மா சொன்னார். அதனால்தான் சொல்கிறேன். அப்போது மணி ஒன்று. சாப்பிட்டுப் போகச் சொன்னார். மேசையில் மகளுக்கு ஒரு தட்டு வைத்திருந்தார். ஒருத்தி சாப்பிட்டு எழுந்ததும் அதே தட்டைக் கழுவாமல் இன்னொருத்திக்கு நிரப்பினார். நான் சாப்பிடவில்லை. வேறு வேலை இருக்கிறது என்று கிளம்பிவிட்டேன்.

அன்று மாலை ஐந்து மணிக்கு வீட்டுக்காரர் கடைக்கு போன் செய்து என்னை வரச் சொன்னார். மெஷின் ஒழுங்காக இருக்கிறது என்று பொருத்தியவன் நேரில் நின்று சொல்ல வேண்டும், அப்போதுதான் வேன் ஆட்கள் ஏற்பார்கள், அது அவர்கள் நடைமுறை. போகாமல் இருந்திருக்கலாமே என்று ஆய்வாளர் கேட்டார். போகாவிட்டால் வேறு டெக்னீஷியனைக் கூப்பிட்டிருப்பார். ஆகவே போனேன்.

வாசலில் வெள்ளை வேன் நின்றிருந்தது. ஓட்டுநர் இன்ஜினை அணைக்கவில்லை. ஒரு பெண் மட்டும் இறங்கி நின்றார், வயது நாற்பது இருக்கும், கையில் மடித்த சாம்பல் நிறக் கம்பளி. மெஷின் சரியாக இருக்கிறதா என்று என்னைக் கேட்டார். சரியாக இருக்கிறது என்றேன். அது உண்மை. அதன் பிறகு வீட்டுக்காரர் வீட்டுக்குள் பார்த்து, "குட்டீ, கார்ல என் கண்ணாடி இருக்கு, எடுத்துட்டு வா" என்றார். ஒருத்தி வந்து காரை நோக்கிப் போனாள். அவள் வாசற்படியைத் தாண்டியதும் அவர் கதவை இழுத்துச் சாத்தினார். பூட்டு தானாக விழுந்தது.

கம்பளிக்காரம்மா, "எது சார்?" என்று கேட்டார்.

"வெளிய நிக்கிறது."

இதை என் இரண்டு காதாலும் கேட்டேன். அந்தப் பெண்ணும் கேட்டாள். கண்ணாடிக் கூட்டைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டாள். புள்ளி இருக்கிறதா என்று பார்த்தேன். நகம் சிவந்து, தோல் உரிந்திருந்தது. மை இருந்ததா என்று தெரியவில்லை.

"குளிருதா கண்ணு?" என்று கம்பளியைப் பிரித்துக்கொண்டே கம்பளிக்காரம்மா கேட்டார்.

"இல்ல."

"போகப் போகக் குளிரும். முதல்ல கதவுல விரலை வை பார்ப்போம்."

வைத்தாள். பச்சை. கதவு திறந்தது. உள்ளே மற்றவள் கதவுக்கு நேராக நின்றுகொண்டிருந்தாள், அதே மாதிரி கையை முன்னால் நீட்டி, கையில் ஒன்றும் இல்லாமல். வீட்டுக்காரர் இவளை விட்டுவிட்டு உள்ளே நின்றவளை வெளியே இழுத்து, கதவைச் சாத்தி, "அப்ப இவ. இவளை வைக்கச் சொல்லுங்க" என்றார். அவளும் வைத்தாள். பச்சை. இருவரும் உள்ளே ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

கம்பளிக்காரம்மா கம்பளியை மடிக்க ஆரம்பித்தார். "உங்க வீட்டுக் கதவு ரெண்டு பேரையும் தெரியும்னு சொல்லுது சார். எங்களுக்கு இங்க வேலை இல்லை" என்றார். வீட்டுக்காரர் மெஷின் கெட்டுவிட்டது, எல்லாரையும் விடுகிறது என்று கத்தி, என் பெயரைச் சொல்லித் திட்டிக்கொண்டே தன் விரலை வைத்தார். சிவப்பு. பேன்ட்டில் துடைத்துவிட்டு வைத்தார். சிவப்பு. விரல் வியர்த்திருந்தால் எந்தச் சென்சாரும் எடுக்காது. அது எல்லா மெஷினுக்கும் உள்ளது. மூன்றாவது முறையும் சிவப்பு வந்தது. அப்போது கம்பளிக்காரம்மா மடிப்பதை நிறுத்தினார். கதவு ஏற்காத வீட்டுக்காரரின் தோளை அளவெடுப்பதுபோல் ஒருமுறை பார்த்தார். கம்பளியில் ஒரு மடிப்பை மெதுவாகப் பிரித்தார். ஓட்டுநர் வேனின் பின்கதவைத் திறந்துவிட்டுத் திரும்பத் தன் இடத்தில் போய் உட்கார்ந்தார்.

வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். நான் அவரைப் பார்த்தேன். அந்த ஆளை எனக்குப் பிடிக்கவில்லை, இப்போதும் பிடிக்கவில்லை, ஆனால் அவர் தட்டிய சத்தத்தைக் கேட்க எனக்குப் பொறுக்கவில்லை. உள்ளிருந்து "யாரு?" என்று கேட்டார்கள். ஒரு குரலா இரண்டு குரலா என்று என்னால் சொல்ல முடியாது. "அப்பாதாம்மா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து வீட்டுக்காரம்மா உள்ளிருந்து கதவைத் திறந்தார். அதன் பிறகு வேன் போய்விட்டது.

மறுநாள் அவர் என் மீது புகார் கொடுத்திருக்கிறார். தன் அனுமதி இல்லாமல் ஒரு வெளியாளின் விரலைக் கதவில் சேர்த்தேன் என்கிறார். வெளியாள் யார் என்று புகாரில் இல்லை. எழுதினால் அவர்தான் முதலில் மாட்டுவார். அந்த வெளியாளுக்கு அவருடைய மகளின் முகம் என்பதையாவது சேர்த்துக்கொள்ளச் சொல்கிறேன்.

இரண்டு விரலில் எது மூலப் பெண்ணின் விரல் என்று ஆய்வாளர் மூன்று முறை கேட்டார். தெரியாது. அடையாள அட்டையில் உள்ள ரேகையோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்றார். பதினைந்து வயதில்தான் அட்டைக்கு ரேகை எடுப்பார்கள். அன்றைக்கு இருவரில் யார் முறையோ அவள் போயிருப்பாள். ஒப்பிட்டால் அன்று போனது யார் என்று தெரியும். வேறு ஒன்றும் தெரியாது. இரண்டாவதாகப் பதிந்த விரல்தான் நகல் என்று வைத்துக்கொள்ளலாமா என்றார். வைத்துக்கொள்ளலாம், ஆனால் அது அன்று காலை மாடியில் இல்லாமல் பின்பக்கத்தில் இருந்த பெண் என்பதைத் தவிர எதையும் காட்டாது என்று சொன்னேன். நான் திமிராகப் பேசுவதாக எழுத்தர் சொன்னார். இருக்கலாம்.

அதன் பிறகு, நாளை காலை ஒன்பது மணிக்கு அந்த வீட்டுக்கு வந்து, ஆய்வாளர் முன்னிலையில் இரண்டாவது விரலை அழித்துக் கொடுக்க வேண்டும் என்று எனக்கு உத்தரவு போட்டிருக்கிறார்கள். வேனும் வரும் என்று தெரிகிறது.

நான் சொல்லச் சொல்ல எழுதியதை எழுத்தர் எனக்குப் படித்துக் காட்டினார், நானும் ஒருமுறை படித்துப் பார்த்தேன். இதில் உள்ளவை நான் கண்டதும் கேட்டதும் செய்ததும் மட்டுமே. யாரும் என்னை மிரட்டவில்லை, சொல்லிக் கொடுக்கவும் இல்லை. நாளை நான் செய்யப்போவதையும் கீழே சேர்த்தால்தான் கையெழுத்துப் போடுவேன் என்றேன். சேர்த்திருக்கிறார்கள்:

1. ஒன்பது மணிக்கு அந்த வீட்டுக்குப் போவேன். மெஷினைத் திறந்து, அழிக்கும் பக்கத்தைத் திரையில் கொண்டு வந்து வைப்பேன். உத்தரவில் என் பங்கு அதோடு முடிந்தது. அழிக்கும் பொத்தானை நான் அழுத்த மாட்டேன்.

2. அழுத்த விரும்புகிறவர் வீட்டுக்காரரோ ஆய்வாளரோ, யாராக இருந்தாலும் இரண்டு பெண்களையும் பக்கத்தில் நிற்க வைத்துவிட்டுத் தன் கையால் அழுத்தட்டும். நான் தள்ளி நின்று பார்ப்பேன்.

3. யாரும் அழுத்தாவிட்டால், மூடி, நான்கு ஸ்க்ரூவையும் முடுக்கி, சோதித்துவிட்டுக் கிளம்புவேன்.

4. யாராவது அழுத்திவிட்டால், கதவு எவளுக்குத் திறக்கவில்லையோ அவளை வேன்காரர்களை முந்திக்கொண்டு என் அக்கா வீட்டுக்குக் கூட்டிப்போவேன். எந்த வீட்டுக் கதவு என்று சட்டம் சொல்லவில்லை, ஒரு கதவு என்றுதான் சொல்கிறது. அக்காவிடம் இப்படி ஆகலாம் என்று நேற்றே சொல்லிவிட்டேன். முதலில் அரை மணி நேரம் திட்டினாள். பிறகு, "தனியாப் படுத்துப் பழக்கம் இருக்காதே அதுக்கு" என்று சொல்லித் தன் கட்டிலைச் சுவரோரமாக நகர்த்தினாள். இன்னொருத்தி பார்க்க வந்தாலும் திறக்கும்படி அவள் விரலையும் சேர்க்கச் சொன்னாள்.

5. எங்கள் வீட்டு மெஷினில் பெயர் போடாமல் விரலைச் சேர்க்க முடியாது. பழைய பெயரைப் போட மாட்டேன், அது இருவருக்கும் பொது. உனக்கு என்ன பெயர் வேண்டும் என்று அவளைக் கேட்பேன். அவளாகச் சொல்லும்வரை மெஷினை மூட மாட்டேன்.